நாற்காலி மாறியது, பாலிசி மாறவில்லை

தெருமுனை சலூனை 'யுனிசெக்ஸ்' ஆக்குவது என்று முடிவானால் முதலில் வெளியே போவது மர பெஞ்சும் அதன்மேல் கிடக்கும் தினத்தந்தியும்தான். அடுத்து ஜிப்சம் சீலிங், ஸ்பிளிட் ஏசி, தலை அலசும் ஷாம்பூ ஸ்டேஷன், கண்ணாடிக்குப் பின்னால் எல்இடி பட்டை என்று ஒவ்வொன்றாக வந்து இறங்கும். இத்தனைக்கும் அசையாமல் கல்லா மேஜையின் அடி டிராயரில் கிடப்பது ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே, நான்கு வருஷத்துக்கு முன் ஏஜென்ட் நிரப்பிக் கொடுத்த காப்பீட்டு பாலிசி. பிரீமியம் தவறாமல் கட்டியாகிறது. ஆனால் அந்தத் தாளைப் பொறுத்தவரை கடையில் இன்னும் இரண்டு நாற்காலிதான்.

இதனால் என்ன நஷ்டம் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையையும் பார்த்தது சென்னை வேளச்சேரி. அங்கே தரைத்தளத்தில் ஒரு சலூன் என்று வைத்துக்கொள்வோம். பாலிசி 8 லட்சத்துக்கு. கடையைப் புதுப்பித்த பிறகு உள்ளே இருக்கும் பொருளின் மதிப்பு 20 லட்சம். தண்ணீர் புகுந்து 5 லட்ச ரூபாய்ச் சேதம். '8 லட்சத்துக்குத்தான் பாலிசி இருக்கிறதே, 5 லட்சமும் வந்துவிடும்' என்று கடைக்காரர் நினைப்பார். வராது. 20 லட்சம் பெறுமான சொத்தில் 8 லட்சத்துக்கு, அதாவது 40 சதவீதத்துக்குத்தான் அவர் காப்பீடு செய்திருக்கிறார். ஆகவே சேதத்திலும் 40 சதவீதம்தான்: 2 லட்சம். கடைக்காரரே ஏற்க வேண்டிய தொகை என்று பாலிசியில் எழுதியிருப்பது அதிலிருந்தும் கழியும். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் யாரையும் ஏமாற்றவில்லை. பாலிசியில் அச்சடித்திருக்கும் விதியே அதுதான்.

சிறு தொழில்களுக்கு இதில் கொஞ்சம் சலுகை உண்டு. 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பொதுவான பாலிசியை எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சொல்லிவிட்டது. ஒரே இடத்தில் 5 கோடி ரூபாய் வரை சொத்துள்ள தொழில்களுக்கானது அது. மதிப்பைவிட 15 சதவீதம் வரை குறைத்துக் காப்பீடு செய்திருந்தால் அதில் தொகையை வெட்ட மாட்டார்கள். 20 லட்சம் பெறும் கடைக்கு 17 லட்சத்துக்கு பாலிசி இருந்தால் தப்பித்தார். 8 லட்சத்துக்கு வைத்திருப்பவரை இந்தச் சலுகை எட்டாது.

மதிப்புப் போடும்போது பலரும் கோட்டைவிடும் இடம் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் சலூன் சேவைக்கான வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. கூடவே, வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதியும் போனது. ஆக, ஹைட்ராலிக் நாற்காலிக்குக் கட்டும் ஜிஎஸ்டி இனி கடைக்காரரின் கைக்காசுதான். காப்பீட்டுத் தொகையில் அந்த வரியையும் சேர்த்து எழுத வேண்டும்.

அடுத்தது மெஷின். இதுவரை சொன்னது தீ பாலிசி; அது வெள்ளத்துக்கும் புயலுக்கும் நிற்கும். ஆனால் மின் அழுத்தம் ஏறி, முடி அகற்றும் லேசர் மெஷின் உள்ளுக்குள் கருகிப்போனால், அந்த மெஷினுக்குப் பணம் தராது. அதிலிருந்து பரவிய தீயில் எரிந்த மற்றதற்குத்தான் தரும். மெஷினுக்கு மின்னணுக் கருவிகளுக்கான பாலிசி தனியே எடுக்க வேண்டும். திருட்டுக்கும் தனி. ஷாப்கீப்பர் பாலிசி என்று விற்பதில் கண்ணாடி, விளக்குப் பலகை, கல்லாப் பணம் எல்லாம் தனித்தனிப் பிரிவு. எந்தப் பிரிவில் டிக் அடித்திருக்கிறது என்று பார்த்தவர் குறைவு.

பொருள் சேதத்தையாவது ரூபாயில் அடக்கிவிடலாம். கடையில் செய்யும் வேலை மாறும்போது வரும் ஆபத்துக்குக் கணக்கே கிடையாது. ஈரத் தரையில் வாடிக்கையாளர் வழுக்கி விழுந்தால் சாதாரணப் பொறுப்புக் காப்பீடு போதும். ஸ்ட்ரெயிட்டனிங் கிரீம் பட்டு உச்சந்தலை வெந்தால் அந்தப் பாலிசி பெரும்பாலும் கைவிரிக்கும், அதற்குத் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு வேண்டும். கிரீம்தானே என்று நினைக்க வேண்டாம். துனீசியாவில் சலூனில் மூன்று முறை முடியை நேராக்கிக்கொண்ட 26 வயதுப் பெண்ணுக்கு மூன்று முறையும் சிறுநீரகம் பாதித்ததை 2024-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' வெளியிட்டது. கிரீமில் இருந்த கிளையாக்ஸிலிக் அமிலத்தை மருத்துவர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

வெறும் முடிவெட்டும் வழக்காகலாம். டெல்லி நட்சத்திர ஓட்டல் ஒன்றின் சலூனில் 2018 ஏப்ரலில் சொன்னதைவிட அதிகமாக முடியை வெட்டிவிட்டார்கள் என்று ஒரு பெண் வழக்குப் போட்டார். 2021 செப்டம்பரில் தேசிய நுகர்வோர் ஆணையம் 2 கோடி ரூபாய் தரச் சொன்னது. தொகைக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டு 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை ஆணையத்துக்கே திருப்பி அனுப்பியது. தீர்ப்பு எப்படிப் போனாலும் வக்கீல் செலவு உண்டு. அதையும் ஏற்கும் பாலிசியா என்று கேட்டு வாங்க வேண்டும்.

எந்தக் காப்பீடும் வராத எல்லையும் உண்டு. 2016 மே மாதம் சென்னையில் முடி நடவு செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் இறந்துபோனார். அந்த மையம் சலூன் உரிமத்தோடு அதைச் செய்துவந்தது பிறகுதான் வெளியே வந்தது. 'முடி திருத்தகம்' என்று எழுதி வாங்கிய பாலிசியை நீட்டி மருத்துவ வேலைக்கு இழப்பீடு கேட்க முடியாது.

புதுப்பிக்கும் அந்த ஒரு மாதத்தையும் மறக்கக் கூடாது. தின்னர் டப்பா, வெல்டிங் பொறி என்று கடையில் தீப்பிடிக்க வாய்ப்பு அதிகமான நேரம் அதுதான். பழைய நாற்காலிகளைத் தங்கை வீட்டு மாடியில் ஏற்றி வைத்தால், பாலிசியில் இருக்கும் கதவு எண்ணை விட்டு அவை வெளியேறிவிட்டன என்று அர்த்தம்.

இத்தனைக்கும் செய்ய வேண்டியது ஒரு மின்னஞ்சல்தான். புது பில்கள், படங்கள், புதிதாகச் செய்யும் வேலைகளின் பட்டியல் இவற்றை அனுப்பி 'எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் திருத்தம்) போட்டுக்கொடுங்கள்' என்றால், பாலிசியில் மிச்சமிருக்கும் மாதங்களுக்கு மட்டும் கூடுதல் பிரீமியம் கேட்பார்கள். ரினியூவல் தேதி வரை காத்திருக்க வேண்டியதில்லை. புது மெஷின் வந்த அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன், அதில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரை மட்டும் போனில் ஒரு படம் எடுத்து அதே மின்னஞ்சலில் சேர்த்துவிடலாம்.