கண்மாய்த் தண்ணியில் ஒரு 'கட் அண்ட் பேஸ்ட்' கில்லாடி

வண்டியூர் கண்மாய்ப் பக்கம் வாக்கிங் போறீங்களா? இது மாதிரி நன்னீரில் சிலியேட் என்ற ஒற்றை செல் உயிரிகள் நீந்தும். கண்ணுக்குத்தான் தெரியாது.

அதில் ஆக்ஸிட்ரைக்கா கொஞ்சம் விநோதம். இரண்டு வகை உட்கரு. சிறியது பீரோவில் பூட்டிய மூலப் பத்திரம்; பெரியது அன்றாட வேலைக்கான ஜெராக்ஸ். பசி வந்தால் இணை சேரும். அப்புறம்தான் கூத்து! பழைய ஜெராக்ஸ் அழியும். மூலத்தின் நகலில் 90 சதவீதத்துக்கு மேல் குப்பைக்குப் போகும். மிச்சமுள்ள சுமார் 2,25,000 துண்டுகள், பல இடம் மாறி, சில தலைகீழாகத் திரும்பி, 16,000 குட்டி குரோமோசோம்களாக ஒட்டும். வரிசை எப்படித் தெரியும்? பழைய உட்கரு விட்டுச்செல்லும் ஆர்என்ஏ நகல்தான் வழிகாட்டி.

நமக்கென்ன என்கிறீர்களா? இதன் உறவினரான டெட்ராஹைமினாவில்தான் குரோமோசோம் நுனியைக் காக்கும் டெலோமரேஸ் சிக்கியது. 2009 நோபல் பரிசும் கிடைத்தது. பெரும்பாலான புற்றுநோய் செல்கள் சாகாமல் பெருகுவது அதே டெலோமரேஸ் தயவில்தான்.