"விதி சார்" - எந்த விதி?

வேப்பம்பட்டில் எங்கள் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர், பவர் பிரஸ் ஓட்டுபவர். வேலையில் இரண்டு விரல் போய்விட்டது. பார்க்கப் போனபோது, "விதி சார்" என்றார். அந்த வார்த்தை என்னை விடவில்லை. ஆங்கிலத்தில் இந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று தேட ஆரம்பித்தேன்.

அங்கே லக், சான்ஸ், ஃபேட் என்று தனித்தனிச் சொற்கள். 'லக்' 15ஆம் நூற்றாண்டு வாக்கில் டச்சு, ஜெர்மன் பக்கத்திலிருந்து வந்தது. 'சான்ஸ்' பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் லத்தீன் வேருக்கு 'விழு' என்று பொருள். பகடை எப்படி விழுகிறதோ அப்படி. நாமும் தாயம் 'விழுந்தது', லாட்டரி 'விழுந்தது' என்றுதானே சொல்கிறோம்! 'ஆக்சிடென்ட்' என்பதும் அதே வேரில் பிறந்ததுதான்.

'ஃபேட்' வேறு ரகம். அதன் லத்தீன் மூலத்துக்குச் 'சொல்லப்பட்டது' என்று அர்த்தம். அங்கே யாரோ சொல்லிவிட்டார்கள். இங்கே யாரோ தலையில் எழுதிவிட்டார்கள்.

நம்முடைய 'அதிர்ஷ்டம்' இன்னும் சுவாரஸ்யம். வடமொழியில் 'காணப்படாதது' என்று பொருள். காரணமே இல்லை என்று அது சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சரி, கண்ணுக்குத் தெரிகிற தற்செயல் ஒன்றைப் பார்ப்போம். தாயக்கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் 1, 2, 3 புள்ளிகள், ஒரு பக்கம் வெறுமை. மொத்தம் 16 விதமாக விழலாம். அதில் தாயம் 2 விதம்தான், அதாவது எட்டில் ஒன்று. அதற்காக எட்டு முறை உருட்டினால் தாயம் நிச்சயம் என்று நினைக்காதீர்கள். எட்டு முறையும் விழாமல் போக 34 சதவீத வாய்ப்பு உண்டு. மூன்று பேர் உருட்டினால் ஏறக்குறைய ஒருவருக்கு விழாது. அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. இதுதான் சுத்தமான சான்ஸ்.

இப்போது அந்த பிரஸ்ஸுக்கு வருவோம். கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தும் சென்சாரை, உற்பத்தி வேகத்துக்காக ஆஃப் செய்து வைத்திருந்தார்களாம். இது தாயக்கட்டை இல்லையே! காணப்படாத காரணமும் இல்லை. எல்லோரும் பார்த்த காரணம்.

'விதி' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. ஒன்று தலையெழுத்து, இன்னொன்று சட்டதிட்டம். திருக்குறளின் ஊழ் அதிகாரத்துக்கு உரை எழுதும்போது பரிமேலழகர் ஊழ், முறை, விதி எல்லாவற்றையும் ஒரே பொருளுடைய சொற்களாக அடுக்குகிறார். செய்த வினையின் பயன் செய்தவரையே போய்ச் சேரும் முறைதான் அவருக்கு விதி. நம் காலத்துக்கும் எழுதப்பட்ட முறை இருக்கிறது. ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டமே சொல்லிவிட்டது. அதையொட்டி 1950இல் வந்தவற்றின் பெயரே 'தமிழ்நாடு தொழிற்சாலைகள் விதிகள்'.

ஒரு விதியை மீறிவிட்டு இன்னொரு விதிமேல் பழி போடுகிறோம். சொல் ஒன்றாக இருப்பதால் யாருக்கும் உறுத்துவதில்லை.

அடுத்த முறை யாராவது "விதி" என்று பெருமூச்சு விட்டால், மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்: எந்த விதி?