யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம்?

அண்ணனூரில் வாழும் ஒரு குடும்பம் யாழ்ப்பாணத்து உறவினர் இல்லத் திருமணத்திற்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். "வெளிநாடு ஆயிற்றே, வெகு தூரம் இருக்குமே!" என்று வீட்டுப் பெரியவர்கள் கவலைப்படுவது இயல்பு. உண்மை என்ன?

சென்னை விமான நிலையத்திற்கும் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திற்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 355 கிலோமீட்டர்தான். மதுரை விமான நிலையமோ சென்னையிலிருந்து 400 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. அதாவது, மதுரையைவிட யாழ்ப்பாணமே நமக்கு அருகில் இருக்கிறது!

இவ்வழியில் செல்வது சுழல்விசிறி பூட்டிய சிறிய விமானம். அதன் வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர். ஓடுபாதைக்குச் செல்லவும், மேலெழவும், இறங்கவும் ஆகும் நேரத்தையும் கூட்டினால் பயணம் ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி வரை ஆகும். ஏறத்தாழ 650 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கொழும்புக்கு ஜெட் விமானமும் ஏறக்குறைய இதே நேரத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. இரு நாடுகளுக்கும் ஒரே நேரமாதலால் கைக்கடிகாரத்தை மாற்றவும் வேண்டியதில்லை.

நேரம் செலவாவது தரையில்தான். அண்ணனூரில் மின்சார இரயில் ஏறிச் சென்ட்ரலில் இறங்கி, எதிரிலுள்ள பூங்கா நிலையத்தில் தாம்பரம் வண்டியைப் பிடித்துத் திரிசூலம் சேர வேண்டும். வெளிநாட்டுப் பயணத்திற்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே விமான நிலையத்தில் இருத்தல் நலம். கடவுச்சீட்டும் இலங்கையின் பயண அனுமதியும் கையில் இருக்க வேண்டும்.

ஆயினும் இந்தக் குறுகிய வழி எப்போதும் திறந்திருக்கவில்லை. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானமே கொழும்பிலிருந்து புறப்பட்டு, யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்கு வந்தது. பின்னர் உள்நாட்டுப் போர் மூண்டது. பலாலி படைத்தளமாயிற்று. தமிழகத்திலிருந்து செல்வோர் கொழும்பில் இறங்கி, ஏறக்குறைய 400 கிலோமீட்டர் வடக்கே தரைவழியாகச் செல்ல வேண்டியதாயிற்று. அந்த நெடுஞ்சாலையும் 1990 முதல் 2002 வரை மூடிக் கிடந்தது. 2006இல் மீண்டும் மூடப்பட்டு, போர் முடிந்த 2009ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது. பலாலி 2019 அக்டோபர் 17 அன்று பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பர் 11 அன்று சென்னையிலிருந்து சேவை தொடங்கியது. 2020இல் கொள்ளைநோயால் நின்றுபோன அச்சேவை 2022 டிசம்பர் 12 அன்று மீண்டும் தொடங்கிற்று.

கத்தோலிக்கக் குருக்களுக்கு ஒல்லாந்தர் தடை விதித்திருந்த காலத்தில், 1687இல், புனித யோசேப்பு வாஸ் மாறுவேடம் பூண்டு கடல் கடந்து யாழ்ப்பாணம் சேர்ந்தார். மேய்ப்பரின்றித் தவித்த மந்தையை நாடிச் சென்ற அவருக்கு விமானமும் இல்லை, அனுமதியும் இல்லை. அன்பு ஒன்றே இருந்தது.

இத்தனை ஆண்டுகளில் நிலமும் நகரவில்லை, கடலும் அகலவில்லை. ஒன்றரை மணி நேர வழியை நாள் கணக்காக நீட்டியது மனிதரின் பகையே. நம் இல்லங்களிலும் இப்படித்தான் அல்லவா? அடுத்த தெருவில் வாழும் உடன்பிறந்தவரோடு ஆண்டுக்கணக்கில் பேசாதிருப்போர் நம்மிடையே இல்லையா? அந்தத் தூரத்தைக் கடக்க விமானம் வேண்டாம், கடவுச்சீட்டும் வேண்டாம். வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவர் வீட்டு வாயிலுக்கு நடந்து செல்வோம்.