கரிமலைச் சேறும் பழமலைக் களிமண்ணும்

விருத்தாசலத்திற்குத் திருமுதுகுன்றம் என்றும் பழமலை என்றும் பெயர்கள் உண்டு. பெயரில்தான் மலையே தவிர, ஊருக்குள் ஏறுவதற்குக் குன்று எதுவும் இல்லை. மணிமுத்தாற்றின் கரையில் பழமலைநாதர் சமதரையிலேயே காட்சி தருகிறார். ஆழத்துப் பிள்ளையாரைத் தரிசிக்கவோ, படிகளில் கீழே இறங்கிச் செல்ல வேண்டும். இத்தகைய ஊரிலிருந்து கார்த்திகை பிறந்ததும் மாலையணிந்து, சபரிமலையின் பெருவழிப்பாதையில் நடக்க விரும்பும் மூத்த பக்தர்களுக்கு முதல் சோதனையாக அமைவது ஏற்றம் அன்று, சேறும் புதருமே.

எருமேலியில் தொடங்கி பேரூர்த்தோடு, காளைகட்டி, அழுதை, கல்லிடும்குன்று, இஞ்சிப்பாறைக்கோட்டை, முக்குழி, கரிமலை வழியாகப் பம்பையை அடைவது இந்தப் பாதை. சன்னிதானம் வரை 48 கி.மீ. என்பது பக்தர்களிடையே வழங்கும் கணக்கு. மண்டல காலம் வடகிழக்குப் பருவமழையின் பிற்பகுதியோடு சேர்ந்தே வருகிறது. அடர்ந்த மரநிழலில் வெயில் படாத மண், மழை நின்ற பின்னரும் உலர்வதில்லை. அதன்மீது ஆயிரக்கணக்கான பாதங்கள் பதியும்போது கரிமலையின் ஏற்றமும் இறக்கமும் குழைந்த சேறாகிவிடுகின்றன.

சேறு ஏன் வழுக்குகிறது என்பது விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. களிமண்ணின் துகள்கள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியவை. தட்டையான ஏடுகளைப் போன்றவை. அவற்றினிடையே நீர் புகுந்தால் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும். அந்தக் குணத்தால்தான் தொழிலாளியின் கையில் களிமண் பொம்மையாக வளைந்து கொடுக்கிறது. அதே குணந்தான் மலைச்சரிவில் பக்தரின் காலை வாரிவிடுகிறது.

சேற்றைக் கண்டதும் ஓரமாக ஒதுங்கிப் புதர் வழியே செல்லத் தோன்றுவது இயல்பு. ஆனால் ஆபத்து அங்கேதான் மிகுதி. இலைச்சருகு மூடிய இடத்தில் பள்ளம் இருப்பது தெரியாது. பாம்பு இருப்பதும் தெரியாது. பிடிமானம் என்று பற்றும் கொடியில் முள் இருக்கலாம், கிளை உளுத்துப்போயிருக்கலாம். மேலும், ஒவ்வொருவரும் ஒதுங்கி நடந்தால் பாதை அகன்று, செடிகள் அழிந்து, அடுத்த மழையில் சேறு இன்னும் பரவும். ஆகவே கைத்தடியால் ஆழம் பார்த்து, பாதையின் நடுவிலேயே நிதானமாக நடப்பதே நல்லது. அடி குறுகியதாகவும், பாதம் முழுவதும் பதிவதாகவும் இருக்க வேண்டும். நனைந்த வேர்களின்மீது கால் வைக்கலாகாது. இறக்கத்தில் உடலைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி இறங்கினால் முழங்காலுக்குச் சுமை குறையும். புதர் மண்டிய இடத்தில் முன்செல்பவர் விலக்கிய கிளை பின்வருபவரின் கண்ணில் அடிக்கக்கூடும். நான்கைந்து அடி இடைவெளி அவசியம்.

கரி என்னும் சொல்லுக்கு யானை என்ற பொருளும் உண்டு. கரிமலையை அடுத்து வரும் தாவளங்களின் பெயர்களே பெரியானை வட்டம், சிறியானை வட்டம். காட்டு யானைகள் நடமாடும் பகுதி என்பதால் வனத்துறை வகுத்த நேரத்திற்குள் கூட்டத்தோடு கடந்துவிட வேண்டும். களைப்பை மறைத்து, இருட்டில் நடையைத் தொடர்வது பக்தியாகாது.

வெறுங்காலுடன் நடக்கும் முதியோர் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். நீண்டகால நீரிழிவு உள்ளவர்களில் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். முள் தைத்தாலும் தெரியாது. மருத்துவரிடம் கேட்காமல் இவர்கள் வெறுங்காலுடன் புறப்படக் கூடாது. தங்கும் இடந்தோறும் கால்களைக் கழுவித் துடைத்து, உள்ளங்காலை உடன்வருபவரிடம் காட்டுவது நலம். அட்டை கடித்திருந்தால் இழுத்துப் பிய்க்காமல், அதன் வாய்ப்பகுதியை நகத்தால் மெல்லத் தள்ளி எடுக்க வேண்டும். சேற்று நீர் காயத்தில் பட்டால் எலிக்காய்ச்சல் வரக்கூடும். வீடு திரும்பிய இரண்டு, மூன்று வாரங்களுக்குள் காய்ச்சலும் தசைவலியும் கண்டால், சேற்றில் நடந்ததை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். காலத்தில் கண்டறிந்தால் எளிதில் குணமாகும் நோய், சொல்லாமல் விட்டால் சிறுநீரகத்தையே பாதிக்கும்.

பெருவழிப்பாதையில் செல்ல முடியாதவர்கள் மனம் குன்ற வேண்டியதில்லை. பம்பை வரை வாகனத்தில் சென்று, அங்கிருந்து சுமார் 5 கி.மீ. நடந்து பதினெட்டாம்படி ஏறுபவருக்கும் விரதம் ஒன்றுதான், இருமுடியும் ஒன்றுதான். அதுவும் இயலாத முதுமையில், மணிமுத்தாற்றங்கரையில் சமதரையில் அமர்ந்த பழமலைநாதர் இருக்கிறார். ஏற முடிந்த காலத்தில் கவனத்தோடு ஏறுவதும், முடியாத காலத்தில் அதை மனமுவந்து ஏற்றுக்கொள்வதும் இறைவனுக்கு உகந்தவையே.