ஒரு கைப்பிடி பச்சைப்பயறு

மயிலாப்பூர்ப் பகுதியில் நடுநிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் கற்பிக்கிறேன். விதை முளைத்தல் பாடம் வரும்போதெல்லாம், "நாளைக்கு ஆளுக்கு ஒரு கைப்பிடி பச்சைப்பயறு கொண்டு வாங்க" என்று சொல்வது வழக்கம். செலவில்லாத, எளிய செயல்பாடு. ஆனால் ஓராண்டு அதில் நான் இரண்டு தவறுகள் செய்தேன். சக ஆசிரியர்களுக்குப் பயன்படும் என்பதால் அவற்றை இங்கே பகிர்கிறேன்.

பருப்பு ஏன் முளைக்கவில்லை?

ஒரு மாணவி பயறுக்குப் பதிலாகப் பாசிப்பருப்பு கொண்டுவந்தாள். வீட்டில் அதுதான் இருந்தது. "இது முளைக்காதும்மா, வேற கொண்டு வா" என்று திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் அவள் எதுவும் கொண்டுவரவில்லை. அடுத்தவர் கிண்ணத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது பயறு, பருப்பு இரண்டையும் நானே ஊறவைக்கச் சொல்கிறேன். ஓர் இரவு ஊறி, ஈரத்துணியில் கட்டிய பயறு, சென்னை வெயிலில் ஒரே நாளில் முளைவேரை நீட்டிவிடும். பருப்பு உப்பும், பிறகு நுரைத்துக் கெட்ட வாடை வீசும். காரணத்தை மாணவர்களே கண்டுபிடிக்கலாம். ஊறிய பயறின் தோலை நீக்கி, இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். இரண்டும் விதையிலைகள், அவற்றில் ஒன்றில் சிறு கொக்கிபோல ஒட்டியிருப்பது கரு. ஆலையில் தோல் நீக்கி உடைக்கும்போது இந்தக் கரு உதிர்ந்துவிடுகிறது அல்லது சிதைந்துவிடுகிறது. பருப்பில் சோறு இருக்கிறது. உண்ணும் பிள்ளை இல்லை.

இருட்டில் உயர்ந்த முளை

இரண்டாவது தவறு இன்னும் பெரியது. ஒரு மாணவன் ஒரு கிண்ணத்தைச் சன்னலோரத்திலும் மற்றொன்றை அலமாரிக்குள்ளும் வைத்திருந்தான். ஐந்தாம் நாள், "டீச்சர், இருட்டுலதான் நல்லா வளருது" என்றான். "தப்பு. செடிக்கு ஒளி வேணும்" என்று சொல்லி, குறிப்பேட்டில் திருத்தி எழுதவைத்தேன். அன்று மாலை அலமாரியைத் திறந்து பார்த்தேன். அவன் சொன்னதுதான் சரி. இருட்டில் இருந்த முளைகள் உயரமாக, வெளிறி நின்றன.

பயறு முளைக்க நீர், காற்று, தகுந்த வெப்பம் போதும், ஒளி தேவையில்லை. தொடக்க வளர்ச்சிக்கான உணவு விதையிலைகளில் இருக்கிறது. மண்ணுக்குள் இருப்பதாகவே கருதும் நாற்று, ஒளியை எட்ட அந்தச் சேமிப்பைத் தண்டை நீட்டுவதில் செலவிடுகிறது. பச்சையம் உருவாவதில்லை, இலை விரிவதில்லை. மேலும் சில நாள் விட்டால் சேமிப்பு தீர்ந்து துவண்டு விழும். சன்னலோரச் செடியோ குட்டையாக, பச்சையாக நிலைத்து நிற்கும். 'உயரம்' வேறு, 'வளம்' வேறு என்பதை அவனே உணர்ந்திருப்பான், நான் இன்னும் சில நாள் பொறுத்திருந்தால். மறுநாள் வகுப்பில் என் தவறை ஒப்புக்கொண்டு, அவன் எழுதியதற்குச் 'சரி' போட்டேன்.

மண்ணில் விதைத்தால் விதையிலைகள் தரைக்கு மேலே வரும். இது தரைமேல் முளைத்தல். பக்கத்திலேயே கொண்டைக்கடலையை விதையுங்கள். அதன் விதையிலைகள் மண்ணுக்குள்ளேயே தங்கும். இது தரைகீழ் முளைத்தல். முதலில் வரும் இரண்டு இலைகள் தனி இலைகள், பிறகு வருபவை மூன்று சிற்றிலைகள் கொண்டவை என்பதையும் வரையச் சொல்லலாம்.

வயலில்

பயறு ஏறத்தாழ 65 முதல் 70 நாளில் விளைச்சல் தரும். காவிரிப் படுகையில் நெல் அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பே, நிற்கும் பயிரினூடே ஈர மண்ணில் பயறை விதைத்துவிடுவார்கள். எஞ்சிய ஈரத்திலும் பனியிலும் அது வளர்கிறது. வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைச் செடிக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தருகிறது. புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் பயறு வகைகளுக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் செயல்படுகிறது.

தட்டில்

நவராத்திரிச் சுண்டலும் வெண்பொங்கலும் நம் பிள்ளைகளுக்குப் பழக்கமானவை. பயறில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் புரதம் உண்டு. அரிசிப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் பருப்பில் மிகுதி. பருப்பில் குறைவான மெத்தியோனைன் அரிசியில் உண்டு. பொங்கலில் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. உலர்ந்த பயறில் இல்லாத அளவுக்கு வைட்டமின் சி முளைகட்டும்போது உருவாகிறது. அது இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவும்.

தியாகராய நகருக்குப் பெயர் தந்த சர் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோதுதான், 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. பசித்த வயிற்றோடு பாடம் ஏறாது என்பதை நம் நகரம் அன்றே அறிந்திருந்தது. தட்டில் விழும் பயறையும் பாடத்தோடு இணைப்பது நம் வேலை.

கவனிக்க வேண்டியவை

• உண்பதற்கு மளிகைக்கடைப் பயறையே பயன்படுத்துங்கள். விதைக்கென விற்பவற்றில் மருந்து கலந்திருக்கலாம்.
• முளைகட்டும்போது நாளுக்கு இரண்டு முறை நல்ல நீரில் அலசுங்கள். வழுவழுப்போ வாடையோ இருந்தால் கொட்டிவிடுங்கள்.
• ஈரவெப்பத்தில் கிருமிகளும் பெருகும். ஆகவே பிள்ளைகளுக்குப் பச்சையாகத் தராமல், ஆவியில் வேகவைத்து, எலுமிச்சை பிழிந்து கொடுங்கள்.
• குறிப்பேட்டில் 'பார்த்தது', 'நினைத்தது' என இரண்டு பத்திகள் போடச் சொல்லுங்கள். முதல் பத்தியில் நம் சிவப்பு மை படவே வேண்டாம்.