யாழ்ப்பாணத்தில் கலியாணமா? மாப்பிள்ளை உடுப்பு பருவம் பார்த்து

நமது தோட்டப் பிள்ளைகள் சிலர் யாழ்ப்பாணத்தில் சம்பந்தம் செய்கிறார்கள். நுவரெலியாவில் சராசரி வெப்பம் 16 பாகை, யாழ்ப்பாணத்தில் 28 பாகை. இதை யோசிக்காமல் கடன்பட்டு மாப்பிள்ளைக்குக் கனத்த கோட்டு சூட்டு தைக்கிறோம். தாலி கட்டுமுன் ஒரு மாப்பிள்ளை மயங்கிச் சாய்ந்ததை நாங்களே பார்த்தோம். பிறகு கோட்டு பெட்டிக்குள்ளே. கடன் மட்டும் சம்பளத்தில் கழியும்.

வைகாசி முதல் ஆவணி வரை சோளகக் காற்று வீசினாலும் வெக்கை போகாது. அதோடு ஓமத் தீ முன்னாலே நெடுநேரம் உட்கார வேண்டும். பொலியெஸ்டர் துணி வேர்வையை உறிஞ்சாது, நெருப்புப் பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே வேட்டி, சால்வையே போதும். பட்டு எடுக்க வசதியில்லையா? கரை வைத்த பருத்தி வேட்டியும் மாப்பிள்ளைக் கோலம்தான், ஒரு குறைச்சலும் இல்லை. தலைப்பாகை வாடகைக்குக் கிடைக்கும். ஒருநாள் கட்ட ஏன் விலைக்கு வாங்குவான்?

ஐப்பசி, கார்த்திகையில் மழை. சரிகைக் கரை சேற்றிலே இழுபட்டுப் போகும். பயணத்துக்குச் சாதாரண வேட்டி கட்டி, மண்டபத்தில் பட்டை மாற்றுங்கள்.

தையில் வெக்கை குறைவு, விடியப்புறம் பனியும் உண்டு. கோட்டு ஆசை விடாதவர் அப்போது வரவேற்புக்கு மட்டும், அதுவும் இரவலாக வாங்கிப் போடட்டும்.