கார் இழுக்கவில்லையா? டர்போவைக் கழற்றும் முன்...

மதுரை - தூத்துக்குடி நான்குவழிச் சாலையில், அருப்புக்கோட்டையைத் தாண்டி ஒரு லாரியை முந்தப் போகும்போதுதான் பழைய டீசல் காரின் நோய் தெரியவரும். ஊருக்குள் ஒழுங்காக ஓடிய வண்டி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தும் எழும்பாது. பின்னால் கரும்புகை கிளம்பும். "பிக்கப் இல்லை" என்று பட்டறைக்குப் போனால், "டர்போ போச்சுண்ணே" என்ற பதில் சட்டென்று வந்துவிடும். பல நேரங்களில் அது அவசரத் தீர்ப்பு.

சைலன்சர் வழியே வீணாகப் போகும் சூடான புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுவதுதான் டர்போவின் வேலை. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பலன் என்ன என்பதை நம் ஊர்ச் சாலைகளிலேயே பார்க்கலாம். டர்போ இல்லாத பழைய இண்டிகா டீசலின் 1405 சிசி இன்ஜின் சுமார் 53 குதிரைத்திறன் தந்தது. டர்போவுடன் 2007-ல் வந்த ஸ்விஃப்ட் டீசலின் 1248 சிசி இன்ஜின், அளவில் சிறியதாக இருந்தும், சுமார் 75 தந்தது. கூடுதலாகக் கிடைத்த காற்றுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. காற்று குறைந்தால் டீசல் முழுதாக எரியாமல் கரியாக வெளியேறும், இழுவையும் போகும்.

ஆகவே தேட வேண்டியது காற்று வரும் வழியை. திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் கோடையில் வண்டி ஓட்டுபவருக்குப் புழுதியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கரிசலின் களிமண் துகள் 0.002 மில்லிமீட்டரைவிடச் சிறியது. அதோடு கலந்து பறக்கும் நுண்மணல் உலோகத்தையே தேய்க்கும். ஸ்விஃப்ட் அளவு இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுழலும்போது, டர்போ அமுக்காத நிலையிலேயே அந்த ஒரு நிமிடத்தில் சுமார் 1,200 லிட்டர் காற்றைக் குடிக்கும். இத்தனையும் ஒரு காகித ஃபில்டர் வழியாகத்தான் போக வேண்டும். அது அடைத்தால் மூச்சு முட்டும். காசை மிச்சம் பிடிக்க ஏர் அடித்து ஏர் அடித்து மாட்டினால் காகிதம் கிழியும். புழுதி நேராக டர்போவின் இறக்கைகளில் போய் மோதும். இந்த மண்ணில் ஃபில்டரை, கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டருக்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது.

அடுத்து ரப்பர் ஹோஸ்கள். டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் குழாய்கள் பத்து வருட வெயிலில் விறைத்து, கிளாம்ப் அருகே கீறல் விடும். நின்ற வண்டியில் அந்தக் கீறல் மூடியே கிடக்கும். அழுத்தம் ஏறும்போதுதான் வாய் திறக்கும். மிதிக்கும்போது 'உஸ்ஸ்' என்று சத்தம் வந்தால் சந்தேகம் உறுதி. இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, ஹோஸை வளைத்து அடிப்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். ஒரே இடத்தில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுப்பாக ஒட்டியிருந்தால் காற்று கசிவது அங்கேதான். டர்போவைக் கட்டுப்படுத்தும் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத சின்னக் குழாயையும் மறக்க வேண்டாம். வெயிலில் வெடித்தாலும் எலி கடித்தாலும் விளைவு ஒன்றுதான். டீசல் ஃபில்டர் அடைப்பும், புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர் வால்வில் படியும் கரியும்கூட இதே அறிகுறியைக் காட்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் டர்போவைத் தொடலாம். ஆறிய இன்ஜினில் காற்றுக் குழாயைக் கழற்றி, தண்டின் நுனியைப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் மிகச் சிறிய அசைவு இருப்பது இயல்பே. தண்டு எண்ணெய்ப் படலத்தில் மிதந்து நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல அந்த இடைவெளி தேவை. முன்னும் பின்னுமாக ஆடினாலோ, இறக்கை சுவரை உரசியிருந்தாலோ டர்போ உண்மையிலேயே கெட்டுவிட்டது. நீலப் புகையும் வேகமாகக் குறையும் ஆயிலும் அதற்குத் துணைச் சாட்சி. குழாயின் உட்புறம் லேசான எண்ணெய்ப் பசை மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம்.

டர்போ கெட்டதற்கும் ஒரு காரணம் இருக்கும். பழைய ஆயில், அல்லது கரி படிந்து அடைத்த ஆயில் குழாய். அதைச் சரிசெய்யாமல் புது டர்போ மாட்டினால் அதுவும் சீக்கிரமே போகும். நெடுந்தூரம் விரட்டி வந்ததும் உடனே சாவியைத் திருப்பி அணைக்காமல், டர்போ ஆற ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். பட்டறையில் டர்போவை மாற்றச் சொன்னால், கழற்றிய டர்போவைக் கையில் வாங்கித் தண்டை நீங்களே ஆட்டிப் பாருங்கள். ஆயில் குழாயைச் சுத்தம் செய்தார்களா என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.